கூடாரத்துக்கு ஒரு கூடுதல் நபர்

மத்திய அரசு அலுவலகமொன்றின் பயணப்படிப் பிரிவில் முப்பத்து நான்கு வருடங்கள் வேலை பார்த்தேன். விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சுற்றிவிட்டு வந்து பில் போடுகிறவர்களின் காகிதங்கள் என் மேசைக்குத்தான் வரும். அவர்கள் கடலைப் பார்த்தார்களா, மலையைப் பார்த்தார்களா என்பது என் வேலை அல்ல. தகுதிக்கு உட்பட்ட வகுப்பில் போனார்களா, கூடப் போனவர்கள் விதியின்படி குடும்பம்தானா என்று பார்ப்பதுதான் என் வேலை. குடும்பம் என்பதற்கு எங்கள் விதிப் புத்தகத்தில் முக்கால் பக்கத்துக்கு விளக்கம் உண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது. யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

என் மனைவிக்கு இரண்டு தங்கைகள். நடுத் தங்கை மதுரையில், கடைசித் தங்கை பெங்களூரில். வருடத்துக்கு ஒரு முறை மூவரும் எங்காவது சேர்ந்து இருப்பது வழக்கம். போன வருடம் அது நடக்கவில்லை. நடுத் தங்கையின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். என் மனைவி எடுப்பாள். பால் பாக்கெட் வந்து விழும்வரை பேச்சு நீளும். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, ராத்திரி பூரா முழிச்சிட்டிருந்தாளாம்" என்பாள்.

ஆகவே இந்த வருடம் மூவரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்றிருந்தது. தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கே வாருங்களேன் என்றேன். கடைசித் தங்கை போனிலேயே தள்ளிவிட்டாள்.

"வேணாம் மாமா. உங்க வீட்டுல இருந்தா அக்கா கிச்சன விட்டு வெளிய வரமாட்டா. நாங்க சாப்பிட்டுக்கிட்டே இருப்போம், அவ கழுவிக்கிட்டே இருப்பா."

அவள் தேர்ந்தெடுத்த இடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி உள்ளே போகும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. எங்களுக்குப் புது இடமல்ல. இருபது வருடங்களுக்கு முன்பு மூன்று குடும்பமும் அங்கே ஒரு ராத்திரி தங்கியிருக்கிறோம். அப்போது அங்கே நாலு ராட்டினமும் ஒரு குளமும்தான். பின்பக்கம் மாந்தோப்பில், கல்யாணப் பந்தல்காரரிடம் வாங்கியதுபோல் காவித் துணியில் கூடாரங்கள். ஒரு கூடாரத்துக்கு நானூறு ரூபாய். நாங்கள் பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் ஏழு பேர். இரண்டு கூடாரத்துக்குத்தான் பணம் கட்டினோம். எத்தனை பேர் என்று காவலாளி நோட்டைத் திறந்தபோது நடுத் தங்கையின் கணவர், "எல்லாம் ஒரே குடும்பம்தான்பா, எழுதிக்க" என்றார். அவனும் 'ஒரு குடும்பம்' என்று எழுதிக்கொண்டான். பதின்மூன்று பேரைத் தலை எண்ணாமல் எப்படி ஒன்று என்று எழுதலாம் என்று எனக்கு அன்று ராத்திரி முழுக்க உறுத்தலாக இருந்தது.

இப்போது அது ரிசார்ட். கூடாரத்துக்குள் ஏ.சி. வந்துவிட்டது. ஏ.சி. போட்ட பிறகும் ஏன் கூடாரம் என்கிறார்கள் என்றால், அறை என்று சொன்னால் அத்தனை பணம் வாங்க முடியாது. வார நாளில் ஒரு விலை, வெள்ளிக்கிழமை தொடங்கி வேறு விலை, பள்ளிக்கூட விடுமுறையில் இன்னொன்று. விறகு மூட்டி அதைச் சுற்றி உட்காரத் தனிக் கட்டணம். குடும்பக் கூடாரம் என்றால் பெரியவர்கள் இருவர், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர். அதற்கு மேல் கூடுதல் நபர் ஒருவர் மட்டும், தனிக் கட்டணத்தில். அறுபதை நெருங்கிய, தாண்டிய சகோதரிகள் மூவர் ஒரு குடும்பம் என்பது அந்த விளக்கத்தில் அடங்கவில்லை, மூவரில் ஒருத்தி கூடுதல் நபர்தான். அந்த அழகை ஒரு தொழில்காரனாக நான் ரசிக்கவே செய்தேன்.

கடைசித் தங்கை முதலில் விசாரித்தபோது கூடாரம் ஏழாயிரத்துச் சொச்சம். உடனே புக் செய்துவிடுகிறேன் என்றாள். நான்தான் பொறு என்றேன். விதிமுறைகளை முழுக்கப் படித்தேன். பதினெட்டு நிபந்தனைகள். நாலு சந்தேகங்களை எண்ணிட்டு மெயில் அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து அன்பான பதில் வந்தது. அதற்குள் கட்டணம் ஒன்பதாயிரத்தைத் தொட்டிருந்தது. நான் விசாரித்த நாளின் விலையையே தர வேண்டும் என்று காரணங்களோடு இன்னொரு மெயில் போட்டேன். பதில் வந்த அன்று விலை பத்தாயிரத்தைத் தாண்டியது.

"மாமா, நீங்க மெயில் போடப் போட அவன் ஏத்திக்கிட்டே போறான். தயவுசெஞ்சு நிறுத்துங்க" என்றாள் அவள்.

நிறுத்தினேன். ஆனால் ஒரு திட்டத்தோடு நிறுத்தினேன். வெளியூரிலிருந்து வருகிற தங்கைகள் இருவரும் கூடாரத்தில் தங்கட்டும். நானும் என் மனைவியும் மூத்த குடிமக்கள் சலுகையில் பகல் டிக்கெட் எடுத்து, மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டு மறுநாள் மீண்டும் போகலாம். முக்கால் மணி நேரத்தில் சொந்தக் கட்டில் இருக்கும்போது கூடாரத்தில் படுக்கப் பணம் கொடுப்பது என் மூளையில் ஏறவில்லை. ஒரு தாளில் இரண்டு வழிகளையும் எழுதி, மிச்சமாகும் தொகைக்குக் கீழே கோடு போட்டு அவளிடம் காட்டினேன்.

"சரிங்க" என்றாள்.

முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அந்தச் 'சரிங்க'வை நான் ஒப்புதல் என்றே பதிவு செய்து வந்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை கால் டாக்ஸியில் போய் இறங்கினோம். தங்கைகள் முன்னாலேயே வந்து, கூடாரத்தில் சாமானை வைத்துவிட்டு வாசலில் நின்றிருந்தார்கள். தங்குகிறவர்களுக்கு மணிக்கட்டில் நீலப் பட்டை, பகல் ஆட்களுக்கு மஞ்சள். எங்கள் இருவருக்கும் மஞ்சள் பட்டையை ஒட்டிவிட்டு, காவலாளி என் மனைவியின் பையைத் திறந்தார். முதலில் முறுக்குப் பொட்டலம் வந்தது. வெளிச் சாப்பாடு கூடாது என்று எடுத்து ஓரமாக வைத்தார். அதன் அடியில் இரண்டு போர்வைகள், ஒரு கொசுக் களிம்பு, மறுநாள் காலை போடவேண்டிய மாத்திரைகள். ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு பல் பிரஷ்கள். பச்சை அவளுடையது, நீலம் என்னுடையது.

காவலாளி எங்கள் கையைப் பார்த்தார். "டே விசிட்டா சார்?"

"ஆமா."

அவர் பிரஷ்களைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், பையை மூடினார். "ஆறு மணிக்கு விசில் வுட்ருவாங்க சார். அதுக்குள்ள கெளம்பிடுங்க."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பையை அன்று பகல் முழுக்க நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

சகோதரிகள் பெரிய விளையாட்டு எதிலும் ஏறவில்லை. அலைக் குளத்தின் ஓரத்தில் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கால் நனைத்தார்கள். பொம்மை ரயிலில் ஒரு சுற்று வந்தார்கள். பிறகு, பழைய காவிக் கூடாரம் எந்த மாமரத்தின் அடியில் இருந்தது என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். நடுத் தங்கை மட்டும் அதிகம் பேசவில்லை. போகிற இடமெல்லாம் என் மனைவியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். மருத்துவமனை வராந்தாவில் நோயாளிகள் நடக்கிற நடை. இளநீர் நூற்றிருபது ரூபாய் என்று நான் முறையிட்டபோது மட்டும், "அவர் இருந்தா இந்நேரம் உங்களோட சேந்து கத்தியிருப்பார் மாமா" என்றாள்.

ஐந்தே முக்கால் மணிக்கு ஒலிபெருக்கி பேச ஆரம்பித்தது. மஞ்சள் பட்டை அணிந்த விருந்தினர்கள் வாசலை நோக்கிச் செல்லுமாறு கேட்டுக்கொண்டது. நடுத் தங்கை அப்போதுதான் குனிந்து என் மனைவியின் கையைப் பார்த்தாள். எங்கள் திட்டத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்று எனக்கும் அப்போதுதான் புரிந்தது.

"உனக்கு ஏன்க்கா மஞ்சள்?"

என் மனைவி முந்தானையால் பட்டையை மூடினாள். கடைசித் தங்கை என்னைப் பார்த்தாள். நடுத் தங்கை யாரையும் குற்றம் சொல்லவில்லை. பிடித்திருந்த முழங்கையை மெல்ல விட்டாள்.

"சரிக்கா. நீ கிளம்பு, லேட்டாயிடும். நான் எப்பவும்போல காலைல போன் பண்றேன்."

என்னிடம் வாதம் செய்திருந்தால் நான் தயாராக இருந்தேன். பதினெட்டு நிபந்தனைகளும் என் தலையில் இருந்தன. அவள் வாதமே செய்யவில்லை. பையை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு டிக்கெட் கவுன்ட்டருக்குப் போனேன்.

அங்கே ஒரு இளம் பெண். விஷயத்தைச் சொன்னேன். அவள் கணினியைப் பார்த்தாள்.

"சாரி சார். சீனியர் கன்செஷன் டிக்கெட்ட ஸ்டேயா மாத்த முடியாது. கண்டிஷன்ஸ்ல இருக்கு சார்."

"பதினேழாவது. தெரியும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வழி ஒன்றைச் சொன்னாள். பகல் விருந்தினராக என் மனைவி முறைப்படி வெளியேற வேண்டும். மஞ்சள் பட்டையை வெட்டி எடுப்பார்கள். பிறகு அடுத்த வாசல் வழியாகக் கூடுதல் நபராகப் புதிதாக உள்ளே வரலாம். கட்டணம் முன்பதிவு விலையில் கிடைக்காது, அன்றைய மாலை விலை: நாலாயிரத்து எழுநூறு, வரி தனி. மூன்று வாரத்துக்கு முன் இதே கூடுதல் நபருக்கு அவர்கள் கேட்டது ஆயிரத்து எண்ணூறு.

கார்டை நீட்டினேன். அவள் விவரங்களைத் தட்டினாள். புக் பண்ணவங்களுக்கு இவங்க என்ன உறவு என்று கேட்டாள். அக்கா என்றேன். திரையில் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்றுதான் இருந்ததாம்.

"அக்கா இல்ல சார் இதுல. ஃப்ரெண்டுன்னு போட்டுடவா?"

அலுவலக உதவியாளர் ஒருவரின் பில் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்வந்தவர். பட்டியலில், விதவையான தன் மைத்துனியையும் சேர்த்திருந்தார். ஊழியரின் விதவைச் சகோதரி அவரையே சார்ந்து அவருடன் வசித்தால் குடும்பம். மனைவியின் சகோதரி குடும்பம் ஆகமாட்டார். சிவப்பு மையில் அடித்துத் திருப்பி அனுப்பினேன். அவர் என் மேசை முன்னால் வந்து நின்றார். "ஒம்போது வருசமா எங்க வூட்லதான் சார் கீது அந்தப் பொண்ணு" என்றார். வீட்டில் இருப்பது வேறு, குடும்பத்தில் இருப்பது வேறு என்று சொன்னேன். எங்கள் பிரிவில் கொஞ்ச நாள் எல்லோரும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் மட்டும் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

"போடும்மா" என்றேன்.

"உங்களுக்கு சார்?"

"மூணு பெரியவங்களுக்குத்தான் இடம். நான் நாலாவது."

என் மனைவி ஒரு வாசலில் வெளியே போய், நாலடி நடந்து, அடுத்த வாசலில் உள்ளே வந்தாள். நீலப் பட்டை ஒட்டினார்கள். எவ்வளவு என்று கேட்டாள், விதிப்படிதான் என்றேன். வீட்டில் தோசை மாவு இருக்கிறது, ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் என்றாள். நடுத் தங்கை மறுபடியும் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் மாந்தோப்புப் பக்கம் நடக்கும்போது விசில் ஊதினார்கள். எனக்காகத்தான்.

ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனுக்கு வந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஏறினேன். பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் கூட்டமாக ஏறினார்கள். என் பட்டையை வெட்ட வாசலில் மறந்துவிட்டார்கள்; எதிரில் உட்கார்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அங்க தங்க எவ்ளோ ஆகுது?" என்றான். ஒரு ஆளுக்கு நான் கொடுத்ததைச் சொன்னேன். அவன் பக்கத்திலிருந்தவனைத் தட்டினான். "மச்சான், நம்ம ரூமு ஷேர் ஒரு மாச வாடகைடா." பிறகு என்னிடம், "ஏசியாச்சும் நல்லா இருந்துச்சா அங்கிள்?" என்றான். நான் தங்கவில்லை என்றேன். அவன் தன் போனை எடுத்துத் தள்ள ஆரம்பித்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. போன் அடிக்கவில்லை. அடிக்க அவசியமில்லை, இருவரும் ஒரே கூடாரத்தில் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்கும்வரை படுத்தபடி போன் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து பல் தேய்க்கப் போனபோதுதான், என் பிரஷ் ரிசார்ட்டில் தங்கியிருப்பது நினைவுக்கு வந்தது. அதற்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. தெருமுனைக் கடை திறந்ததும் சிவப்பில் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.

நான் மறுபடி பூங்காவுக்குப் போகவில்லை. மதியம் தங்கைகளை வழியனுப்பிவிட்டு என் மனைவி வந்தாள். ராத்திரி பூரா பேசினீர்களா என்று கேட்டேன்.

"எங்க பேசறது? எட்டரைக்குப் படுத்தவ காலைல ஏழு மணிக்குத்தான் கண்ணு முழிச்சா. எழுந்துடப் போறாளேன்னு நாங்க ரெண்டு பேரும் வாயே தொறக்கல. பாத்ரூம்கூடப் போகல."

வரியோடு சேர்த்து நான் கட்டியது அதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பையிலிருந்து பச்சை பிரஷ்ஷையும் நீல பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். குவளையில் சிவப்பு இருந்தது.

"இது யாரோடது?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"கூடுதல் நபர்" என்றேன்.