சனிக்கிழமைப் பிழைகள்

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையில் ஒரு காணிக் கந்தோரில், அதாவது நில அலுவலகத்தில், நான் தலைமை எழுதுவினைஞராக இருந்தேன். ஓர்ஸ் ஹில்லில் அரசாங்க விடுதி. காலை எட்டு மணிக்குச் சைக்கிள், எட்டேகாலுக்குக் கதிரை. எந்தச் சுற்றறிக்கை எந்தக் கோவையில் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மேலதிகாரிகளே கையெழுத்து வைப்பார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்க வேண்டுமென்றால் இது தெரிந்திருக்க வேண்டும்.

சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்துக்குப் போகிற வழியில், கடலோரப் பற்றைக்காட்டுக்கு நடுவே, அப்போது ஏழு பேர் சேர்ந்து வாழ்ந்தார்கள். நான்கு பேர் கத்தோலிக்கர், மூன்று பேர் புரட்டஸ்தாந்தினர். ஆண்களுக்கு ஒரு கொட்டில், பெண்களுக்கு ஒரு கொட்டில், நடுவில் செபத்துக்கு ஒரு கொட்டில். பழைய காலத்துக் கிறிஸ்தவத் துறவிகள் மடங்களில் வாழ்ந்த முறையை இந்தக் காலத்திலும் வாழலாம் என்பது அவர்கள் எண்ணம். மணி அடித்தால் செபம், மணி அடித்தால் தோட்டவேலை. இரவுச் செபம் முடிந்தால் காலைக் கஞ்சி வரை பேச்சில்லை. ஒருவருக்கும் சொந்தமாக ஒரு கரண்டிகூடக் கிடையாது. மணி என்பது துறைமுகத்தில் கழித்துவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு.

கத்தோலிக்கர் இவர்களைப் புரட்டஸ்தாந்து என்று சந்தேகித்தார்கள்; புரட்டஸ்தாந்தினர் கத்தோலிக்கம் என்று சந்தேகித்தார்கள். சல்லிச் சனம் ‘சாமியார் வளவு’ என்று பெயர் வைத்துவிட்டுத் தன் பாட்டில் இருந்தது. நான் சைவன், அதுவும் திருவிழாக் காலத்தில் மட்டும். எனக்கு அவர்கள் ஒரு காணித் துண்டு, அவ்வளவுதான்.

அரசாங்கம் ஒரு களஞ்சியம் கட்டுவதற்கு அந்தப் பக்கத்தில் மூன்றாம் துண்டைக் கேட்டது. அலுமாரியிலிருந்து நில அளவைப் படத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் துண்டில் இருந்தது சாமியார் வளவு. அவர்களிடம் வருடாந்த அனுமதிப் பத்திரம் இருந்தது. எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவர் கொடுத்தது. அரசாங்கத் தேவைக்கென்று முன்னமே ஒதுக்கி வைத்த காணிக்கு அனுமதியா! அவருடைய கவனக்குறைவைப் பற்றிக் கோவையில் அரைப்பக்கக் குறிப்பு எழுதினேன். ‘வருந்தத்தக்க’ என்ற சொல் அதில் இரண்டு தடவை வரும். அவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மறுத்து எழுத வரமாட்டார்.

முப்பது நாள் தவணையோடு வெளியேறும் அறிவித்தலைத் தயாரித்து, நானே கொண்டுபோனேன். பியோனை அனுப்பியிருக்கலாம். ஆனால் இப்படியான இடங்களில் ஆட்கள் சத்தம் போடுவார்கள், அழுவார்கள். நடைமுறை தெரிந்த ஒருவர் நிற்பது நல்லது.

ஒருவரும் சத்தம் போடவில்லை. அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. சனம் அவரை மிஸ்ஸியம்மா என்று கூப்பிடும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தார்.

“பத்திரம் இந்த வருசம் முடியுமட்டும் செல்லுமெண்டு நினைச்சம், ஐயா.”

“அது முந்தி இருந்தவர் பிழையாக் குடுத்த பத்திரம், அம்மா.”

“அப்பிடியோ? வெங்காயம் நட்டிருக்கிறம். கிண்ட இன்னும் ஆறு கிழமை வேணும்.”

“வெங்காயத்துக்காகத் தவணை நீட்ட ஏலாது. ஆட்சேபம் இருந்தா எழுத்தில தாங்கோ. பதினாலு நாள் இருக்கு.”

அவருக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்ற பெரிய மனிதர் என்னை முறைத்தார். துறைமுக டொக்யாட்டில் பிட்டராக, இயந்திரம் பொருத்துபவராக, வேலை செய்தவர்; எல்லோருக்கும் பிட்டர் அண்ணை. மிஸ்ஸியம்மா திரும்பி அவரைப் பார்த்தார். மண்வெட்டி நிலத்துக்கு இறங்கியது.

“வழக்காடுறதில்லை எண்டு வாக்குக் குடுத்த ஆக்கள் நாங்கள். தந்த இடம். திரும்பக் கேட்டாக் குடுக்கத்தானே வேணும்” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். எனக்குத் தேசிக்காய்த் தண்ணீரும் கொடுத்தார். நான் குடித்தேன். எங்கே போவீர்கள் என்று கேட்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

பதினான்கு நாளும் போயிற்று. ஆட்சேபம் வரவில்லை. அதைவிடச் சுத்தமான கோவையை என் சேவைக் காலத்தில் நான் கண்டதில்லை.

தவணை முடிய ஐந்து நாள் இருக்க, ஒரு வெள்ளிக்கிழமை, அன்புவழிபுரத்து வேலிச் சண்டை ஒன்றுக்காகப் படம் தேடினேன். அலுமாரியின் மேல்தட்டில் சுருட்டி வைத்திருந்த ஒன்று கையில் வந்தது. விரித்தால், சல்லிப் பக்கத்துக் காணிகளின் திருத்தப் படம். நான் பார்த்ததற்குப் பின்னால் வந்தது. துண்டுகளுக்குப் புது இலக்கம் போட்டிருந்தார்கள். மூன்றாம் துண்டு, ஒழுங்கைக்கு அப்பால் ஆளில்லாத வெறும் மணல்தரை. சாமியார் வளவு ஐந்தாம் துண்டு. காலமானவர் திருத்தப் படத்தைப் பார்த்து, ஒழுங்காகத்தான் அனுமதி கொடுத்திருந்தார். “முதலில் திருத்தப் படம் இருக்கிறதா என்று பார்” என்று இருபது வருடமாகப் புது எழுதுவினைஞர்களுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

படத்தைத் திரும்பச் சுருட்டினேன். கதவைப் பார்த்தேன். பிறகு கதிரையில் இருந்துகொண்டு ஒரு கடிதம் எழுதினேன்: “மேலதிகப் பரிசீலனையின் பேரில், மேற்படி அறிவித்தலைச் செயற்படுத்த வேண்டிய அவசியம் எழவில்லை எனக் காணப்பட்டுள்ளது.” யார் பரிசீலித்தது, யார் கண்டது, யார் முதலில் காணாமல் விட்டது? அந்த வசனத்துக்குள் மருந்துக்கும் ஒரு மனிதன் இல்லை. மேலதிகாரி வழக்கம்போல வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

திங்கட்கிழமை தபாலில் போட்டால் வியாழன் ஆகும். தவணை புதன்கிழமை. ஆகவே சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளை எடுத்தேன்.

சல்லித் திருப்பத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவர் என்னைக் கண்டுகொண்டார்.

“என்ன ஐயா, கூரை கழட்டியாச்சு. இனி மண்ணையும் அளந்து கொண்டுபோகப் போறியளோ?”

“ஆக்கள் நிக்கினமோ?”

“புதன் மட்டும் நிப்பினம். பிறகு ஆளுக்கொரு திக்கு. ஏழு பேரும் சேந்திருக்க ஒரு இடமும் சரிவரேல்லையாம். மிஸ்ஸியம்மா மட்டக்களப்பில தங்கச்சி வீட்டை, பிட்டர் அண்ணை மன்னாருக்கு. ஆடுகளை எங்களிட்டத் தந்திட்டினம். நீங்கள் ஒண்டு கொண்டுபோறியளோ, கந்தோரில கட்ட?”

நான் சைக்கிளை மிதித்தேன்.

செபக் கொட்டிலுக்குக் கூரை இல்லை. கழற்றிய தென்னோலைக் கிடுகுகள் அடுக்கிக் கிடந்தன. வேப்பமரத்தடியில் ஏழு பேரும் வட்டமாக இருந்தார்கள். மிஸ்ஸியம்மா நான் இருப்பதற்கு ஒரு மர வாங்கைக் காட்டினார். “இருங்கோ ஐயா. இது சனிக்கிழமைப் பிழை சொல்லுற நேரம். இடையில எழும்புறதில்லை. முடிய உங்களோட கதைக்கிறன்.” அதுவரை என்னைக் காக்க வைத்தவர்கள் மந்திரிமார் மட்டுமே.

முதலில் ஒரு வயதான வாத்தியார். “காலைச் செபத்தில நித்திரை கொண்டனான்.” மற்ற எல்லோரும் ஒரே குரலில், “கேட்டம்.”

அடுத்தது ஒரு பெண். “பொது ஊசியையும் நூலையும் என்ர பைக்குள்ள வைச்சுக் கட்டிப்போட்டன், போற இடத்தில உதவுமெண்டு.” “கேட்டம்.”

அவ்வளவுதான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, குறிப்பெடுக்க ஆள் இல்லை. இப்படியும் ஒரு கூட்டம் நடத்துவார்களா என்று எனக்குக் கை பரபரத்தது.

பிட்டருடைய முறை வந்தது. என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். “அறிவித்தல் கொண்டுவந்த ஐயாவை மூண்டு கிழமையாத் திட்டினனான். செபத்துக்கு நடுவிலயும் திட்டினனான். இப்ப அவர் சைக்கிளில வரேக்க, ரயர் காத்துப் போகாதோ எண்டு நினைச்சன்.” வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அவரும் சொன்னார்: “கேட்டம்.”

பிட்டருக்குப் பக்கத்தில் நான். “நீங்கள் விருந்தாளி. உங்களுக்குக் கட்டாயமில்லை” என்றார் மிஸ்ஸியம்மா. நான் எழுந்து நின்று, கந்தோர்க் குரலில், கடிதத்தை வாசித்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. அது விளங்குவதற்காக எழுதிய கடிதமும் அல்ல.

“அப்ப நாங்கள் போகத் தேவையில்லையோ?” என்று கேட்டார் வாத்தியார்.

“தேவையில்லை.”

மிஸ்ஸியம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப முந்தின ஐயா தந்த பத்திரம் சரியோ? அவர் பிழை விட்டவர் எண்டு நீங்கள் சொன்னதால, பாவம், செத்த மனிசன், கடவுள் அவரை மன்னிக்க வேணுமெண்டு நாங்கள் ஒவ்வொரு நாளும் மன்றாடினம்.”

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அந்த மனிதருக்காகக் கவலைப்பட்டார். கடிதத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் இதற்குப் பதில் இல்லை.

“அவர் சரி, அம்மா. பத்திரமும் சரி. பழைய படத்தைப் பாத்திட்டு உங்களை எழுப்பினது நான். பிழை என்ர.”

“கேட்டம்” என்றன ஏழு குரல்கள்.

நான் திரும்ப வாங்கில் இருக்கவில்லை. இதற்கு மேல் ஏதாவது வரும் என்று நின்றேன். ஒரு கேள்வி, ஒரு ஏச்சு, குறைந்தது ஒரு பெருமூச்சு. அதற்குள் எனக்கு அடுத்தாற்போல் இருந்த பெண் தொடங்கிவிட்டார்: “உப்புப் போத்தலைத் திறந்தபடி விட்டிட்டன்.” “கேட்டம்.” ஏழு பேரை வீடில்லாமல் ஆக்க இருந்த என் பிழைக்கும் அந்த உப்புப் போத்தலுக்கும் எடுத்தது ஒரே நேரம்.

தண்டவாளம் அடித்த பிறகுதான் அவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். அது அடங்குமுன்னமே பிட்டர் கொட்டிலின் கூரைச் சட்டத்தில் ஏறியிருந்தார். “ஐயா, சும்மா நிக்காமல் அந்தக் கிடுகை எடுத்துத் தாங்கோ!” எடுத்துக் கொடுத்தேன். திருப்பத்தில் கண்ட கருவாட்டுக்காரர் செய்தி கேட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, என்னையும் கிடுகையும் பார்த்துவிட்டு, மற்ற முனையைப் பிடித்தார். வெங்காயத்தை மட்டும் திரும்ப நட முடியவில்லை. தவணைக்குப் பயந்து கிண்டியது, கோலிக்குண்டு அளவில் கிடந்தது. புறப்படும்போது மிஸ்ஸியம்மா அதில் கொஞ்சம் கடதாசியில் சுற்றித் தந்தார். “விளையாத வெங்காயம் ஐயா. லஞ்சத்தில சேராது.”

கோவையில் எழுதியதைக் கிழிக்க முடியாது, கீழே எழுதலாம். திங்கட்கிழமை அந்த அரைப்பக்கத்துக்குக் கீழே எழுதினேன்: ‘மேலுள்ள குறிப்பு தவறு. பழைய படத்தைப் பார்த்தவன் நான். காலஞ்சென்றவர் சரியாகவே செய்திருக்கிறார்.’ மேலதிகாரி கூப்பிட்டார். “உமக்கென்ன விசரோ? கடிதம் போயிட்டுது, ஆரும் கேக்கேல்லை. ஏன் காணும் இதை எழுதினீர்?” மேலிடம் விளக்கம் கோரியது. என் சொந்தக் கோவையில் ஒரு எச்சரிக்கை ஏறியது. ஓய்வு பெறும்வரை அது அங்கே இருந்தது. சாமியார் வளவும் அதற்குப் பிறகு வெகுகாலம் அங்கேயே மணியடித்துக்கொண்டிருந்தது.

இப்போது வீட்டோடு இருக்கிறேன். படலையைத் திறந்துவிட்டு மாட்டை உள்ளே விட்டது யார் என்று மனைவி கேட்டால், “நான்தான்” என்று உடனே சொல்லிவிடுகிறேன். அவர் அத்தோடு விடுகிற ஆள் இல்லை, முழு விசாரணையும் நடக்கும். ஆனால் அது தொடங்குவதற்கு முன்னரே, அந்த வேப்பமரத்தடியில் இருந்த ஏழு பேரும் எனக்குப் பதில் சொல்லி முடித்திருப்பார்கள்.