மூன்று எண்ணுவதற்குள்

அன்புக்கரசிக்கு இங்கிலீஷ் வந்தது மாதா கோயிலில் வைத்துத்தான். வேடசந்தூர் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்த இஞ்ஞாசியின் ஒரே மகள் அவள். திண்டுக்கல்லில் கன்னியர்கள் நடத்திய பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தாள். எட்டாம் வகுப்பில் இருக்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வயதான சாமியாரின் பிரசங்கத்தைத் தமிழில் சொல்ல வேண்டிய சிஸ்டருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இவளைப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் ஐந்து நிமிடம் சொற்களைத் தேடித் தடுமாறினாள். அப்புறம் அதன் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. அவர் நிறுத்துகிற இடத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் குரல் ஏறினால் ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். தான் என்ன நினைக்கிறோம் என்பதை ஓரமாக வைத்துவிட வேண்டும். அப்படி ஓரமாக வைத்துவிடுவதில் ஒரு சுகம் இருந்தது.

கரூர் சாலையில் பொட்டல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தத் தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அவளை மாணவர் மன்றத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். வாராவாரம் ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும். தொலைபேசித் துறையிலிருந்து ஒரு பொறியாளர் வருவார், கண்ணாடி இழையைப் பற்றிப் பேசுவார். மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், செயற்கைக்கோளைப் பற்றிப் பேசுவார். பின் வரிசைகள் தூங்கும். அன்புக்கரசி நன்றி சொல்வாள், பொன்னாடை போர்த்துவார்கள், டீயும் வடையும் தந்து அனுப்பி வைப்பார்கள்.

மழை பொய்த்து, குஜிலியம்பாறைப் பக்கமெல்லாம் மாட்டை விற்றுக்கொண்டிருந்த வருஷம் அது. தை பிறந்ததும் கல்லூரித் தாளாளரின் மைத்துனர் ஒருவரை அழைத்து வந்தார். ஹைதராபாத்காரர். ஆளுமைப் பயிற்சி கொடுப்பவர். பயத்தை ஜெயிப்பது எப்படி என்று ஆறு சனிக்கிழமை நடத்துவார். அவருக்குத் தமிழ் தெரியாது. மாணவர்களில் பாதிப்பேர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். அதனால் மன்றச் செயலாளர் மேடையில் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எல்லோரும் அவரை ‘ட்ரெய்னர்’ என்றே அழைத்தார்கள்.

முதல் சனிக்கிழமை அவர் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. மெல்லிய குரலில் பேசினார். எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். அவர் சொன்னதை அன்புக்கரசி தமிழில் சொல்லச் சொல்ல, அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்தன, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. ஹாலில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பின் வரிசையில் ஒருவரும் தூங்கவில்லை. தன் குரலுக்கு இம்புட்டுப் பேர் அசைவதைப் பார்த்து அவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டாவது வாரம் பையன்களை வெறுங்காலோடு கண்ணாடித் தூள் மேல் நடக்க வைத்தார். யாருக்கும் காயம் இல்லை. அவர் கையை உயர்த்தி “ஒன், டூ, த்ரீ” என்று எண்ணுவார். கூட்டமும் சேர்ந்து எண்ணும். மூன்று முடிந்ததும் ஆள் காலை எடுத்து வைத்துவிட வேண்டும். யோசிக்கக் கூடாது. அதற்கப்புறம் மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போதுகூடப் பையன்கள் விளையாட்டாக மூன்று எண்ணினார்கள். எண்ணி முடித்ததும் யாராவது ஒருவன் எதையாவது செய்தான்.

மூன்றாவது வாரம், அவரவர் பயத்தை மைக்கில் வந்து சொல்லச் சொன்னார். கரப்பான்பூச்சி, வைவா பரீட்சை, அப்பா என்று ஒவ்வொருவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஈஸ்வரன் எழுந்து வந்தான். நெய்க்காரப்பட்டிக்காரன், அவள் வகுப்புதான். கரும்புக்காட்டு விவசாயி மகன். யாரிடமும் அதிகம் பேச மாட்டான்.

“எனக்குத் தண்ணின்னா பயங்க” என்றான். “எங்கண்ணன் எங்க தோட்டத்துக் கிணத்துல விழுந்துட்டாப்ல. நான் மேலதான் நின்னேனுங்க. எறங்கல. எறங்கியிருந்தா தூக்கியிருக்கலாம்.”

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. ட்ரெய்னர் அன்புக்கரசியின் பக்கம் திரும்பினார். அவள் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. தேடிக்கொண்டிருந்த சாமான் கிடைத்த மாதிரி ஒரு தெளிவு தெரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஈஸ்வரனைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார். கண்ணை மூடச் சொல்லி, கிணறு தெரிகிறதா என்று கேட்பார். தெரிகிறது என்பான். அண்ணன் தெரிகிறானா என்பார். “தெரிகிறானா?” என்று அன்புக்கரசி தன் வாயால் கேட்க வேண்டியிருந்தது. கூட்டம் அவனுக்காகக் கைதட்டியது. வாரநாட்களில் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஹாஸ்டல் பையன்கள் சொன்னார்கள். கல்லூரி நிலத்தோடு சேர்ந்து வந்த பழைய தோட்டக் கிணறு ஒன்று விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலங்களில் அவன் அதன் விளிம்பில் போய் நின்றான். அங்கே ஒருநாள் அவனைப் பார்த்து அவளே கேட்டாள்.

“இங்க என்ன பண்றீங்க ஈஸ்வரன்?”

“பழகிக்கிறேனுங்க. கடைசி வாரம் இதுலதான் குதிக்கச் சொல்லியிருக்காரு. அன்னைக்கு நான் புதுசாப் பொறக்கறனாம்.”

“ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுங்க. கயிறு போட்டுத் தூக்கிருவாங்களாம்.”

உள்ளே எட்டிப் பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்த நேரம். கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது, ஆழம் தெரியவில்லை.

மறுநாளே மன்றப் பொறுப்பாசிரியர் ஜெரோமிடம் போய்ச் சொன்னாள். ஜெரோம் நல்ல மனிதர்தான். ஆனால் தாளாளர் வீட்டு விஷயம் என்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“அவரு எத்தனையோ காலேஜ்ல பண்ணிட்டு வந்தவரும்மா. அவருக்குத் தெரியாதா? நீ மொழிபெயர்க்க மட்டும் செய்யி. மத்தத அவங்க பாத்துக்குவாங்க.”

அந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ட்ரெய்னரிடமே கேட்டாள். அவர் காரில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் பேசி முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு சிரித்து, ஹாலிலிருந்து ஒரு பையன் தூக்கிக்கொண்டு போன மைக்கைக் காட்டி, அது யோசிக்குமா என்று கேட்டார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அன்று ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்து, அறைத்தோழி நர்கீஸ் சொன்னாள்: “காய்ச்சல்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிரு புள்ள. வேற யாராவது பேசட்டும்.”

“வேற யாரு பேசினாலும் அவரு சொல்றதத்தானே பேசுவாங்க” என்றாள் அன்புக்கரசி. அதைச் சொன்னபோது அவள் ஒன்றும் தீர்மானித்திருக்கவில்லை.

கடைசிச் சனிக்கிழமை நிகழ்ச்சி சாயங்காலம் என்றுதான் இருந்தது. தாளாளர் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதால் உச்சி வெயிலுக்கு மாற்றினார்கள். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பக்கம் ஷாமியானா போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் தாம்புக் கயிற்றோடு நின்றார்கள். ஈஸ்வரன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவன் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்புக்கரசியின் கையில் ஒரு கைமைக்கைக் கொடுத்தார்கள்.

ட்ரெய்னர் பேச ஆரம்பித்தார். அங்கே கிணறு இல்லை, அங்கே இருப்பது பயம் மட்டும்தான் என்றார். அவள் சொன்னாள். அண்ணன் கீழே காத்திருக்கிறான், இன்று நீ இறங்கப் போகிறாய் என்றார். அதையும் சொன்னாள். அப்போது சூரியன் நேர் மேலே நின்றது. வெளிச்சம் சுவரோரமாக வழியாமல் நேராகக் கீழே இறங்கியது. அவள் கயிற்றுக்கு மேலாகக் குனிந்து உள்ளே பார்த்தாள். கறுப்பாக இருந்த தண்ணீர் பச்சையாகத் தெரிந்தது. பச்சைக்கு அடியில், முழங்கால் ஆழத்தில், மாட்டின் முதுகு போலப் பாறை அகலமாகப் படுத்திருந்தது.

ட்ரெய்னர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் என்ன சொன்னார் என்பது பின்னாளில் எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கைமைக்கை வாயருகே கொண்டுபோனாள். அவர் குரலைப் போலவே மெதுவாக, ஏற்ற இறக்கம் பிசகாமல் சொன்னாள்:

“தண்ணிக்கு அடியில பாறை தெரியுது. தண்ணி முழங்கால் அளவுதான் இருக்கு. யாரும் எண்ணாதீங்க. ஈஸ்வரன், கண்கட்டை அவுத்துட்டுப் பின்னாடி வாங்க.”

ட்ரெய்னர் திருப்தியாகத் தலையசைத்தார். கையை உயர்த்தினார்.

“ஒன்.”

அவர் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பின்னால் நின்றவர்களுக்கு அவள் பேசியது சரியாகக் கேட்கவில்லை போலும். அவர்கள் அவர் கையைத்தான் பார்த்தார்கள்.

“ஒன்!” என்று பின்னாலிருந்து முழங்கியது.

“எண்ணாதீங்கப்பா!” என்று கத்தினாள். ஈஸ்வரன் அசையவில்லை. கை கண்கட்டுக்குப் போகவில்லை. வலது கால் விரல்கள் விளிம்புக்கு வெளியே வந்திருந்தன.

“டூ!”

கைமைக் கீழே விழுந்து கீச்சென்று கத்தியது. அன்புக்கரசி கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடி, அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்துப் பின்பக்கமாகத் தன் பாரம் முழுவதையும் சாய்த்தாள். அவன் அவளை உதறினான். சட்டை கிழிந்தது. இரண்டு பேரும் சரளைக் கல்லின் மேல் மல்லாந்து விழுந்தார்கள். அவள் முழங்கை எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கூட்டத்தில் சிலர், நிறுத்தத் தெரியாமல், “த்ரீ!” என்று சொல்லி முடித்தார்கள்.

ட்ரெய்னர் அவள் பக்கத்தில் வந்து குனிந்து, அவர்களிடம் என்ன சொன்னாய் என்று கேட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே, தான் தமிழில் சொன்னதை வரி பிசகாமல் அவருக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவர் கிணற்றுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாளாளரின் மைத்துனரிடம் போய், இந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் பயிற்சி தேவை என்றார்.

மாவுக்கட்டோடு அவள் திரும்பி வந்தபோது செயலாளர் பதவி வேறொருவருக்குப் போயிருந்தது. முதல்வர் கூப்பிட்டு, கல்லூரி விஷயம் வெளியே போகக் கூடாது என்றார். கிணற்றைச் சுற்றி முள்கம்பி வந்தது. யாரும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ஈஸ்வரன் மட்டும் ஒருநாள் வராந்தாவில் எதிரே வந்து நின்றான்.

“குதிச்சிருந்தா ஒண்ணு முடிஞ்சிருக்கும்ங்க. இப்பப் பாதியில நிக்கறேன். தூங்கவே முடியல.”

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

அன்புக்கரசிக்கு வகுப்பில் மனம் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை நர்கீஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பழனி பஸ் ஏறினாள். நெய்க்காரப்பட்டியில் இறங்கி விசாரித்துத் தோட்டத்துக்குப் போனபோது, அவன் அம்மா பழனியம்மாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வாங்க கண்ணு. எந்நேரமும் கெணத்து மேட்டுலயே உக்காந்திருக்கானுங்க. சோத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேங்கறான். காலேஜ்ல என்னதானுங்க ஆச்சு?”

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அன்புக்கரசி எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாடித் தூளை, மூச்சு எண்ணியதை, மைக்கில் அவன் அண்ணனைப் பற்றிச் சொன்னதை, அதை அந்த ஆளுக்கு எடுத்துச் சொன்னது தான்தான் என்பதை. பழனியம்மாள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அண்ணன் பேச்சு வந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

“இவன் மேல நின்னான்னு சொன்னானா? அன்னைக்கு இவனுக்கு ஆறு வயசுங்க. இவனை ரெண்டு கையிலயும் புடிச்சு நிறுத்துனதே நாந்தானுங்க. எறங்கறேன் எறங்கறேன்னு கத்துனான். நாந்தான் உடல.”

எழுந்து கிணற்று மேட்டுக்குப் போனார். தூரத்திலிருந்து பார்த்தபோது, அவர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும், அவன் திரும்பாமல் இருப்பதும், பிறகு திரும்புவதும் தெரிந்தன. என்ன பேசினார்கள் என்று இவர்களுக்குக் கேட்கவில்லை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்புக்கரசியும் நர்கீஸும் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினார்கள்.

ஈஸ்வரன் ஒரு பருவம் விட்டு மறுபடி வந்து சேர்ந்தான். ஒரு வருஷம் தாமதமாகப் பட்டம் வாங்கினான். ட்ரெய்னர் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார். கரூரிலும் நாமக்கல்லிலும் அவர் படம் போட்ட தட்டிகளைப் பார்த்ததாக நர்கீஸ் சொன்னாள். அன்புக்கரசி படிப்பு முடித்துத் திண்டுக்கல்லிலேயே ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியராகச் சேர்ந்தாள். முறிந்த கை முழுதாக நீளவில்லை. கரும்பலகையின் மேல் வரியில் எழுத இடக்கையைத்தான் தூக்குகிறாள்.

சில வருஷங்கள் கழித்து, ஒட்டன்சத்திரம் பஸ் நிலையத்தில் தற்செயலாக ஈஸ்வரனைப் பார்த்தாள். கோயம்புத்தூரில் பம்பு செட் கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகிவிட்டது, எல்லாம் சொன்னான். அவள் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே இரண்டடி வந்தான்.

“ஒண்ணு சொல்லணுமுங்க. அன்னைக்கு நீங்க பாறை இருக்குன்னு சொன்னது எனக்குக் கேட்டுதுங்க. நல்லாவே கேட்டுது.”

அவள் படியில் நின்றாள்.

“கேட்டும் காலு பின்னாடி வரலீங்க. அவுங்க எண்ணி முடிக்கட்டும்னுதான் நின்னேன். இன்னைக்கும் அத நெனச்சாத்தான் பயமா இருக்கு.”

பஸ் நகர்ந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.