வலது ஓரத்துக்கு ஆள் தேடிக் காட்டுப்பாக்கம் வரை

நம் மன்ற இதழுக்கு இதை வியாழக்கிழமையே கொடுத்திருக்க வேண்டும். என் மகள் வித்யாவுக்குப் பல் முளைக்கிற சமயம், நான் பேனாவைத் தொட்டாலே அழுகிறாள். தாமதத்துக்கு மன்னிக்கவும். கைக்குழந்தையோடு பூந்தமல்லிப் பக்கம் எப்படிப் போய்வருவது என்று எங்கள் பிளாக்கில் மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காக ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

போன காரணம் உங்களுக்கே தெரியும். நம் குவார்ட்டர்ஸ் கால்பந்து அணி கடைசி மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் கூடப் போடவில்லை. கேப்டன் துரை பின்னாலிருந்து தூக்கி அடிக்கிற பந்தை விரட்டிப் பிடிக்க வலது ஓரத்தில் வேகமான ஆள் இல்லை என்று மைதானத்தில் நிற்கிற எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அந்த வலது ஓரத்தில் ஆறு வருடமாக ஓடுபவர் என் கணவர் மூர்த்தி. வயது முப்பத்திரண்டு. குழந்தை பிறந்ததிலிருந்து தூக்கமும் இல்லை.

வருகிற ஞாயிறு தொடங்கும் போட்டியில் வெளியாள் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கரையான்சாவடியில் டிரங்குப் பெட்டி செய்கிற சலீம் என்பவர் பிசாசு மாதிரி ஓடுவார் என்று கேள்விப்பட்டு, போன ஞாயிறு அவரைப் பார்க்கத் துரை கிளம்பினார். நானும் வருகிறேன் என்றார் என் கணவர். தன் இடத்துக்கு வரப்போகிறவரைத் தானே போய் அழைப்பதா? தனியாக அனுப்ப மனம் வரவில்லை. காற்றாட வருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஒன்பது மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

பையில் வைத்தவை: பிளாஸ்க்கில் கொதித்த தண்ணீர், இரண்டு பால் பாட்டில், எட்டுத் துணி, ஒரு ஜுர மருந்து, அது உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு ஜுர மருந்து. இரண்டும் தேவைப்படவில்லை. அதற்காக நீங்கள் எடுக்காமல் போய்விடாதீர்கள்.

ஆவடியில் காலை ஏழு பத்துக்குப் பஸ். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். கரையான்சாவடி எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. பூந்தமல்லி நிலையம் வரை போய்விட்டால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். அந்தப் பயத்தில் கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். "இன்னாம்மா, மூணு தபா கேட்டுட்டே. ஸ்டாப்பிங் இன்னா எழுந்து ஓடியா பூடும்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. சரியாக இறக்கிவிட்டார், அது போதும்.

சலீமுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தகரத்தை அடித்து மடக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் வித்யா வீறிட, அவருடைய அம்மா எங்களை உள்ளே கூட்டிப்போய் மின்விசிறிக்கு அடியில் பாய் விரித்து உட்காரவைத்தார். பால் கலக்க வெந்நீரும் தந்தார். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. முன்பின் தெரியாத ஊரில் எனக்கு மூச்சு சீரானது அங்கேதான்.

ஓடிக் காட்டுவதற்குக் காட்டுப்பாக்கம் போக வேண்டும் என்றார் சலீம். மூன்று கிலோமீட்டர், குமணன்சாவடி வழியாகப் பத்து நிமிட பஸ், எழுபத்தைந்து பைசா. வீட்டுமனை போட்டு விற்காமல் கிடக்கிற பெரிய பொட்டல் அது. மனை எல்லைக்கு வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நட்டிருக்கிறார்கள், பார்த்து நடங்கள். நான் அங்கிருந்த ஒரே வேலிக்காத்தான் முள்மரத்தின் நிழலில் குழந்தையோடு நின்றுகொண்டேன்.

துரை முதல் கல்லருகே நின்று அடித்தார். சலீம் பறந்தார், அப்படி ஓடுகிறவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பந்து அவருக்குப் பின்னால், நாலாவது கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தது. நின்று, திரும்பி வந்து எடுத்தார். அடுத்ததும் நாலாவது கல். ஆறு முறை அடித்து ஆறும் அங்கேயே. துரை காற்றைக் குறை சொன்னார், பிறகு பந்தில் காற்று குறைவு என்றார்.

சலீம் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இன்னா அண்ணாத்தே, நான் அங்க போய் நின்னுகினு கீறேன், உன் பந்து பாதி வழியிலயே குந்திக்குது."

என் கணவர் நாலாவது கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "துரை, அது என்னோட தூரம்."

துரை குனிந்து ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"எனக்காகக் குறைச்சுக் குறைச்சுப் போட்டிருக்க. எவ்வளவு நாளா?"

"வேணும்னு போடலடே" என்றார் துரை. திருநெல்வேலிக்காரர், மனசு கலங்கினால் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். "நீ ஓடி வாரதப் பாத்துப் பாத்து, காலு தானா அப்படிப் பழகிட்டு."

எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. இவர் இப்படியே திரும்பி நடந்துவிடுவார் என்று நினைத்துப் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். அவரோ குனிந்து பந்தை எடுத்து வைத்தார். சலீமை ஓடச் சொன்னார். ஆறு வருடமாகத் தனக்கு எங்கே வேண்டுமென்று நினைத்தாரோ, எந்த இடத்தைத் தன் கால்களால் எட்ட முடியவில்லையோ, அந்த இடத்துக்கு அடித்தார். பந்து ஆறாவது கல்லைத் தாண்டி இறங்கியது. சலீம் வேகத்தைக் குறைக்கவே இல்லை, பந்து அவர் காலோடு போனது. இன்னும் நான்கு அடித்தார். ஒன்று முள்ளுக்குள் போனது, மூன்று சரியாக விழுந்தன.

"இத்தத்தான் கேட்டுகினு கீறேன்" என்றார் சலீம் மூச்சிரைக்க. "இந்த அண்ணன் போட்றதா இருந்தா ஞாயித்துக்கெழம வர்றேன். இல்லாங்காட்டி எனக்குக் கடைல வேலை கீது."

"அப்ப நீ நடுவுல நின்னு போடுடே" என்று துரை என் கணவரின் தோளில் கை போட்டார். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பவில்லை. நானும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

கரையான்சாவடியிலிருந்து திரும்பும் பஸ் பதினொன்றேகாலுக்கு. துரை முன்னால் நின்றுகொண்டார். பருத்திப்பட்டு தாண்டியதும் என் கணவர், "உனக்குத் தெரியுமா?" என்றார். தெரியும். மைதான ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை சாயங்காலம் பார்த்திருக்கிறேன்! இடது பக்கம் நீளமாகப் போகிற பந்து இவர் பக்கம் மட்டும் குறுகிப்போகும். தெரியும் என்றேன். "அப்ப நீயும் கூட்டா?" என்று சிரித்துவிட்டு, தூங்குகிற குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அந்தப் பந்துகளைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் விளையாட்டையே விட்டுவிடுவாரோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பயங்களில் பாதி இப்படித்தான், ஆளைத் தப்பாக எடை போடுகிறேன்.

போகிறவர்களுக்கு: கரையான்சாவடியிலேயே இறங்குங்கள். குழந்தைக்கு வெந்நீர் வேண்டுமென்றால் டிரங்குப் பெட்டிக் கடையில் கேளுங்கள், தருவார்கள். காட்டுப்பாக்கத்தில் அந்த முள்மரத்தை விட்டால் நிழல் கிடையாது, குடை அவசியம். பத்தரைக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

ஞாயிறு மாலை நாலரைக்கு நம் மைதானத்தில் ஆட்டம். வலது ஓரத்தில் புதிதாக ஓடுபவர் சலீம், உங்களுக்கே தெரிந்துவிடும். நடுவிலிருந்து பந்து போடுகிறவர் யார் என்று பக்கத்தில் யாராவது கேட்டால், வித்யாவின் அப்பா என்று சொல்லுங்கள்.