பக்கத்து வீட்டுத் தூக்கம்

என் மகள் அழுதால் பாதிக் கோயமுத்தூருக்குக் கேட்கும். அவளுக்கு ஐந்தாறு மாதம் இருந்தபோது பீளமேட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் ஓடு வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள், அண்ணன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்கு ஸ்பின்னிங் மில்லில் எப்போதும் நைட் ஷிப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார். அவர்களுடைய ஒரே மகளைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் அம்மாவுக்கு வெள்ளகோவிலில் தறி ஓடுகிறது, போட்டுவிட்டு வர முடியாது. அதனால் அக்காதான் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார். ஒரு நாளாவது "எனக்கு வேலை கிடக்குது" என்று சொன்னதில்லை. காபி நீட்டினால்கூட "இப்பத்தான் குடிச்சேன் கண்ணு" என்று போய்விடுவார். எத்தனை நாளைக்குத்தான் வாங்கிக்கொண்டே இருப்பது? எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா பெருமையாகச் சொல்லியே வளர்த்தாள். தூக்கம் கெட்ட உடம்பு, துவைக்கத் துவைக்கத் தீராத துணி, விடிந்ததும் மோட்டார் பட்டறைக்குப் போய் இருட்டிய பிறகு வரும் கணவர். அந்தக் கோபமெல்லாம் இறங்குவதற்கு வீட்டில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள், அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. "என்ற உசுர எடுக்கறதுக்குன்னே பொறந்தியாடீ? கத்து, நல்லாக் கத்து!" என்று அவளுக்கு மேல் நான் கத்துவேன். அவள் இன்னும் வீறிடுவாள். கொஞ்ச நேரத்தில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுவேன்.

ஒரு நாள் பின்பக்கம் குழந்தைத் துணிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குழாயடியில் அக்கா யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

"ராத்திரி மெசின்கிட்ட நின்னமேனிக்கே கண்ணசந்துட்டாருங்க. மேஸ்திரி பாத்துப்போட்டாரு. இன்னொருக்கா இப்படின்னா ஊட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாங்களாம்."

"பகல்ல நல்லாத் தூங்கறதில்லீங்களா?"

"எங்கீங்க தூங்கறாரு..." என்று சொன்ன அக்கா, எங்கள் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் துணிக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கிக்கொண்டேன். அட பாவமே! என் குழந்தையைக் குளிப்பாட்டி விடுகிற மனுஷியின் சோற்றில் என் குழந்தையே மண்ணைப் போடுகிறாளே! ஒரு சொல் குறை சொல்லாமல் இத்தனை நாள் பொறுத்திருக்கிறார்களே! அவர்கள் செய்ததற்கெல்லாம் திருப்பிச் செய்ய என்னிடம் ஒன்று இருக்கிறது, அண்ணனுக்கு நான் தூக்கத்தைக் கொடுப்பேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. ஒட்டுக் கேட்டதை எந்த வாயால் சொல்வது?

மறுநாளிலிருந்து அண்ணன் சைக்கிள் வந்து நின்றதும் நான் குழந்தையோடு கிளம்பிவிடுவேன். பஸ் நகர்ந்தால் அவள் தூங்கிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போவேன், பஸ் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருப்பேன், அவள் சிணுங்கினால் அடுத்த பஸ். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். ஒரு கண்டக்டர் கேட்டேவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, தெனமும் கொழந்தையத் தூக்கிட்டு எங்கீங்க போறீங்க?"

"எங்கயும் இல்லீங்ண்ணா. கொழந்தை தூங்கோணும்ங்க."

"அட, கவர்மென்ட் பஸ்ஸையே தொட்டிலாக்கிப் போட்டீங்களே!" என்று சிரித்தார். அப்புறம் எனக்காக முன் சீட்டில் யாரையாவது எழுப்பிவிடுவார்.

அண்ணன் முகம் தெளிந்தது. கண் சிவப்பு போனது. என் கணக்கு சரிதான் என்று எனக்கு ஒரே பெருமை. ஆனால் அக்கா முகம் வாடிக்கொண்டே வந்தது. நேரமே கிளம்ப வேண்டியிருந்ததால் குழந்தையை நானே அவசரமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நான் செருப்பு மாட்டும்போது அக்கா வாசலை மறித்தாற்போல வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, என்ற கை உனக்கு ஆகலையா? புள்ளைய என்ற கண்ணுலயே காட்டாம ஓடற. நான் ஏதாவது தப்பாப் பேசிப்போட்டனா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. எனக்கு அழுகை வந்துவிட்டது. குழாயடியில் கேட்டதிலிருந்து கண்டக்டர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அண்ணன் வேலைக்கு என்னாகுமோன்னு பயந்துட்டனுங்க்கா. எல்லாம் இந்தச் சனியன் அழுவறதுனாலதானுங்க..."

அக்கா குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவள் முகத்தையே பார்த்தபடி பேசினார்.

"புள்ள அழுவறதுக்கு அவரு முழிக்கறதில்ல கண்ணு. மில்லுச் சத்தத்துலயே காலத்த ஓட்டுன மனுசன், இந்தச் சத்தத்துக்கா முழிப்பாரு?"

"அப்பறம் எதுக்குங்க்கா?"

"நீ புள்ளைய வையறதுக்கு. நீ கத்த ஆரம்பிச்சா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு. 'அந்தப் புள்ள கோவத்துல பச்சக் கொழந்தைய அடிச்சுப்போடும், போயி வாங்கிட்டு வா'ம்பாரு. நான் வந்தா உனக்குச் சங்கட்டமாப் போயிரும்னு நானும் வரமாட்டேன். நீ அடங்கற வரைக்கும் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பாரு."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அழுகிறவளைத்தான் காந்திபுரத்துக்கும் வீட்டுக்கும் தூக்கிச் சுமந்தேன். அண்ணன் தூக்கத்தைக் கெடுத்தது என் கூடவே போய் என் கூடவே திரும்பி வந்திருக்கிறது. அதைக் குழந்தை தலையில் கட்டிவிட்டு, உபகாரம் செய்வதாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். தூ!

மறுநாள் நான் பஸ் ஏறவில்லை. அக்கா வந்து அவளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினார், நான் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். கொஞ்ச நேரம் தூங்கியவள் எழுந்து வழக்கம்போல ஆரம்பித்தாள். "என்ற உசுர..." என்று தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கினேன். தோளில் போட்டுக்கொண்டு, "ஆமாஞ் சாமி, ஆமாந் தங்கம்" என்று முணுமுணுத்தபடி நடந்தேன். அவள் நிறுத்தவில்லை. எனக்காக அவள் எதற்கு நிறுத்த வேண்டும்? மூச்சுப் பிடித்து அழுதாள்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். அண்ணன் குறட்டை. இவள் வீறிட வீறிட அவர் பாட்டுக்குக் குறட்டை விட்டார். அங்கே குடிவந்த நாளிலிருந்து பகலில் அதை நான் கேட்டதே இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மனுஷனே என் குரலுக்குப் பயந்து எழுந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்து உட்காரக்கூடத் தெரியாதவள் என் தோளில் கிடந்தாள்.