நான் கொடுத்த பட்டியல்

அப்பா அந்த ட்ரோன்காரரின் கையை முறித்த சத்தம் எனக்குக் கேட்டது. சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நான் அதே வரப்பில் இருபதடி தள்ளித்தான் நின்றேன். தன் முதுகிலிருந்த மருந்து டேங்கின் பித்தளைக் குழாயைக் கழற்றி, இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கி ஒரே போடு. மணிக்கட்டுக்கு மேலே பட்டது. மனிதர் "அம்மா" என்று அலறிக்கொண்டு சேற்றில் மண்டியிட்டார். கையிலிருந்த ரிமோட் தண்ணீரில் விழுந்தது. அப்பா அதையும் விடவில்லை, காலால் மிதித்து மண்ணுக்குள் அழுத்தினார்.

"அண்ணே, வேணாண்ணே! எனக்கு லிஸ்ட்டு வருது, நான் வர்றேன். நான் என்னண்ணே பண்ணுவேன்?"

"லிஸ்ட்ட எவன்டா குடுத்தான்?"

"தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

எனக்குத் தெரியும். கொடுத்தவளே நான்தான்.

அப்போது நான் வெளியூரில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. புதுமைகளின் பொருளாதாரம், டிஜிட்டல் மாற்றம் என்று பாடத்தின் பெயரே வாயை நிறைக்கும். எங்கள் ஊர் விழிதியூரில் யாராவது கேட்டால் "எக்கனாமிக்ஸ்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆய்வேட்டுக்கு ட்ரோன் மூலம் மருந்து தெளிப்பதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். ட்ரோன்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியிடம் போய், எந்த வயலில் எத்தனை நிமிடம் பறந்தது என்ற பதிவுகளைக் கேட்டேன். "தர்றோம் மேடம். நீங்களும் வயல் விவரம் ஏதாச்சும் குடுங்க," என்றார்கள். மேடம் என்றதும் தலைகால் புரியவில்லை எனக்கு. கழுதை!

வயல் விவரத்துக்கு நான் எங்கே போவது? வீட்டிலேயே இருந்தது. அப்பா டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு நெடுங்காட்டு வயல்களில் மருந்தடிப்பவர். என் தாய்மாமா கூடவே போய் மருந்து கலந்து கொடுப்பார், தண்ணீர் சுமப்பார். எந்த வயலில் என்று நட்டார்கள், நட்டு எத்தனையாவது நாள் குருத்துப்பூச்சி தலைகாட்டும், எந்த மூலையில் புகையான் பூச்சி முதலில் விழும், எல்லாம் அப்பாவுக்கு அத்துப்படி. வயல்காரர் கூப்பிடும் முன்னே போய் நிற்பார். அந்த நாள் கணக்குதான் அவருடைய பிழைப்பு. ஒரு சாயங்காலம் "சொல்லுங்கப்பா, என் படிப்புக்கு வேணும்," என்றேன். சோற்றைப் பிசைந்தபடியே வயல் வயலாகச் சொன்னார். மகள் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாளே என்று முகமெல்லாம் சிரிப்பு. நான் அட்டவணை போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினேன். பதிவுகள் வந்தன. என் வழிகாட்டிப் பேராசிரியர் அருமை என்றார்.

தகவல் யார் கையிலோ அவர் கை ஓங்கும் என்று முதல் பருவத்திலேயே படித்திருந்தேன். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். படித்து என்ன மண்ணாங்கட்டி?

அந்தச் சம்பா பருவத்தில் அப்பா போகிற வயலுக்கெல்லாம் ஒரு நாள் முன்னதாக ட்ரோன் போயிருந்தது. "நேத்தே அடிச்சாச்சேப்பா," என்று ஒவ்வொரு வயல்காரராகக் கைவிரித்தார்கள். பத்து நாள் அப்பா டேங்கை அப்படியே திருப்பித் தூக்கி வந்தார். பதினோராம் நாள் விடியற்காலையிலேயே போய் வரப்பில் உட்கார்ந்து ட்ரோனுக்காகக் காத்திருந்தார். மாமா காய்ச்சல் என்று வரவில்லை. ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது என்று நான்தான் பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்தேன்? நின்று பார்த்தேன்.

ரிமோட் போனால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பி வரும். அதைப் புகழ்ந்து ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். அது வாய்க்கால் கரைக்கு வந்து இறங்கியது. இறக்கைகள் நிற்கவில்லை. அப்பா கண்மண் தெரியாமல் ஓடிப் போய்க் குழாயால் அதை அடித்தார், இன்னொரு அடி ஓங்கியபோது கை இறக்கைக்குள் போய்விட்டது. ஒரு உறுமல்தான். வலது உள்ளங்கை எலும்பு தெரியக் கிழிந்தது. நெல் மேலெல்லாம் ரத்தம் தெறித்தது. அந்தக் கையோடும் மூன்று முறை அடித்தார். அது நொறுங்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.

கிடைத்தது ஒரே ஒரு லோடு ஆட்டோ. இரண்டு பேரையும் அதிலேயே ஏற்றி, நடுவில் நான் உட்கார்ந்தேன். என் துப்பட்டா அப்பாவின் கையில் நனைந்து சொட்டியது. ஒவ்வொரு பள்ளத்திலும் ட்ரோன்காரர் துடித்தார். பாதி வழியில் சட்டைக் காலரை நல்ல கையால் விலக்கி, தோளில் டேங்க் வார் அறுத்த தழும்பைக் காட்டினார்.

"நானும் கோட்டுச்சேரியில டேங்க் தூக்குனவந்தாண்ணே."

"அப்ப உனக்குத் தெரியணும்டா நாயே," என்றார் அப்பா. அப்புறம் ஆஸ்பத்திரி வரும் வரை அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தையல் போட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து எழுதிக்கொண்டு, மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். வழக்கு இன்னும் நடக்கிறது, அதை விடுங்கள். மதியம் வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"நாளு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நானு. இன்னொண்ணு உன் தம்பி." படிப்புக்கென்று என்னிடம் சொன்னது அவர் கணக்கிலேயே வரவில்லை.

"ஏங்க, அவன் அப்படியெல்லாம் செய்வானா?"

"இன்னைக்குன்னு பாத்து எப்புடிடி காய்ச்சல் வந்துச்சு?"

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா எழுந்து போய்க் கூரையில் செருகியிருந்த அரிவாளை இடது கையால் உருவினார். மாமா வீடு அடுத்த தெரு. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அம்மா காலைக் கட்டிக்கொண்டாள், அவளை இழுத்துக்கொண்டே வாசல் வரை போனார். உண்மையைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்பா, மாமா இல்ல. நான்தான் குடுத்தேன். நீங்க சொன்னீங்களே, அதைத்தான் எழுதிக் குடுத்தேன்."

திரும்பினார். கட்டுப் போட்ட கையாலேயே கன்னத்தில் அறைந்தார். பிறந்ததிலிருந்து என்னை அடித்ததில்லை. காது அடைத்துவிட்டது. தையல் பிரிந்து, ஈரம் என் கழுத்து வரை இறங்கியது. அம்மா கத்தியது பிறகுதான் கேட்டது.

"எடுத்துட்டு வா. படி," என்றார்.

லேப்டாப்பை எடுத்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து படித்தேன். வயல் எங்கே, யாருடையது, நட்ட நாள், மருந்து நாள். அப்பா அரிவாளைப் பிடித்தபடியே கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மதகடி வயலு செவ்வாய்க்கிழமை இல்ல. புதன். தப்பா எழுதியிருக்க."

"சரிப்பா."

"இதுல நான் எங்க இருக்கேன்?"

கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். அதைப் படிக்காமலேயே விட்டிருந்தேன்.

"கைத்தெளிப்பு. கூலி ஆள் ஒண்ணு."

"எல்லா வயலுக்குமா?"

"எல்லா வயலுக்கும்."

"ஒண்ணுதானா? உன் மாமன்?"

"மருந்து கலக்குறவங்களச் சேக்கலப்பா. அதுக்குக் கட்டம் இல்ல."

அப்பா அரிவாளைப் பார்த்தார். "கேட்டியாடி?" என்றார் அம்மாவிடம். "இவ்வளவு நேரம் வெட்டப் போனேனே ஒருத்தனை, அவன் இதுல ஆளே இல்லியாம்." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, அழுகையாகி நின்றது. அரிவாளைப் படியில் வைத்தார்.

"போ. அவன்கிட்டயும் போயி இதப் படிச்சுக் காட்டு."

கன்னத்து ரத்தத்தைத் துடைக்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தேன்.