இலை வியாபாரம்

யார் எதைக் கேட்டாலும் என் வீட்டுக்காரர் "தெரியும்" என்றுதான் சொல்வார். தெரியாது என்று சொன்னால் கொத்தனாருக்கு மரியாதை போய்விடுமாம்! அந்த வாய்தான் எங்களைத் தெருவில் நிறுத்தியது.

திண்டிவனம் பைபாஸ் பக்கம் எங்கள் வீடு. பாண்டிச்சேரிக்குப் போய் ஊரான் வீட்டையெல்லாம் கட்டி, மிச்சம் பிடித்து, அவர் கையாலேயே எழுப்பியது. முன்பக்க அறையை வாடகைக்குக் கேட்டு ஒருவன் வந்தான். "இலை வியாபாரம்க்கா" என்றான். சுற்றிலும் கல்யாண மண்டபங்கள்; இலை என்றால் எங்களுக்குச் சாப்பாட்டு இலைதான். மூட்டையாக வந்து இறங்கியபோதும், தைத்த இலை போலிருக்கிறது என்று இருந்துவிட்டோம். அக்கா அக்கா என்று உருகுவான், பாவி. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி வேறு கொடுத்தேன். வயிறு எரிகிறது.

ஒரு காலையில் போலீஸ் வந்தது. அவன் முந்தின நாளே ஓடியிருந்தான்.

"உள்ள இன்னா வியாபாரம்னு தெரியுமாய்யா?"

"தெரியுமே சார். இலை வியாபாரம். வந்த அன்னிக்கே சொல்லிட்டாரே."

பெருமையாகத்தான் சொன்னார். அதை அப்படியே எழுதிக்கொண்டு கதவை உடைத்தார்கள். மூட்டையில் கஞ்சா. மாதாவே! சாயங்காலத்துக்குள் எங்களை வெளியேற்றிவிட்டு வீட்டுக்கே சீல் வைத்தார்கள்.

கிளியனூரில் என் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டோம். மறுநாள் விழுப்புரத்தில் வக்கீலைப் பார்த்தோம். "தெரியாதுன்னு சொல்லியிருந்தா போராடலாங்க. தெரிஞ்சே வாடகைக்கு வுட்டிருக்காருன்னு ஆயிடுச்சே. வீடு கவர்மென்ட்டுக்குத்தான் போவும்" என்றார்.

திரும்பும்போது இவர் எங்கள் வீட்டருகே பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார்; நானும் பின்னாலேயே இறங்கினேன். அந்த வாரம்தான் மாடிக்குக் கான்கிரீட் தளம் போட்டிருந்தோம், மகள் குடும்பத்துக்காக. தளம் இறுகுவதற்காக அதன்மேல் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீர் அந்த வெயிலில் வற்றியிருக்கும். பக்கத்து வீட்டில் குடம் வாங்கி நிரப்பிக்கொண்டு காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் கெஞ்சினார்.

"தளத்துக்கு மட்டும் தண்ணி ஊத்திட்டு வந்துர்றேன் சார்."

"சீல் வெச்ச வூடுய்யா. வேலையப் பாத்துக்கினு போ."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நடுரோட்டிலேயே கத்தினேன். "அதான் நம்ம வூடு இல்லன்னு ஆயிடுச்சே! இன்னும் இன்னாத்துக்குய்யா இந்தப் பேஜாரு?"

"யாரு வூடா இருந்தா இன்னாடி? தண்ணி இல்லன்னா வெடிச்சிரும்டி" என்று சொல்லி, குடத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார்.