ஒவ்வொரு கோடாக

மிக்ஸியில் தேங்காயையும் பொரிகடலையையும் போட்டு மூடியை அழுத்திய பிறகும் உமாராணி உடனே சுவிட்சைத் தட்டுவதில்லை. நைட்டிக்கு மேல் போட்டிருக்கும் துண்டில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டின்மேல் சாய்த்து வைத்த செல்போனை எடுப்பாள். திரையில் கட்டைவிரலால் கீழ்நோக்கி ஓர் இழுப்பு. அதன் பிறகுதான் மிக்ஸி அலறும். ஹாலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் மாமனார் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். சட்னி அரைந்ததும் அதே விரல் மேல்நோக்கிப் போகும்.

"மிக்ஸி சத்தம் காது மெஷின்ல அவியளுக்கு ஊசி ஏத்துன மாரி இருக்குமாம்க்கா. பாவம்லா" என்பாள்.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் எங்கள் சன்னலும் அவர்கள் அடுக்களைச் சன்னலும் எதிரெதிர். இந்த விரல் வேலையை முதலில் பார்த்தபோது, மாமனாரிடம் இத்தனை கரிசனம் உள்ள மருமகள் இந்தத் தெருவில் வேறு யாருமில்லை என்று நினைத்தேன். இப்போதும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

உமாராணிக்கு நாற்பது நெருங்குகிறது. பிறந்த ஊர் வாசுதேவநல்லூர். தரை அதிர நடப்பாள், தெரு அதிரப் பேசுவாள். பஸ்ஸில் அவள் எனக்கு இரகசியம் சொன்னால் கண்டக்டர் பதில் சொல்லுவார். "என்ன செய்யச் சொல்லுதிய? காது கேக்காத மாமனார்ட்ட இத்தன வருசம் கத்திக் கத்தி, தொண்டை மைக்செட் ஆயிட்டு."

அவள் வீட்டில் ஒட்டும் பொட்டு நெற்றியில் இருப்பதைவிடச் சுவரில்தான் அதிகம். மோட்டார் சுவிட்சில் பெரிய கல் பொட்டு, ஹால் விளக்குக்குச் சின்னது, டி.வி. ரிமோட்டில் தட்ட வேண்டிய பொத்தானின் மேல் ஒன்று. மாமனார் கண்ணாடியைத் தேடி எழுந்து தடுமாற வேண்டாம், விரலாலேயே தடவிக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று அவளே யோசித்துச் செய்தது. "அதுக்கொரு வழி பண்ணியாச்சு" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும். மாமனாருக்குக் காது மெஷின் இல்லாத காலத்தில், சாப்பிடக் கூப்பிட ஹால் விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவாள். திரும்பிப் பார்க்காவிட்டால் அவர் நாற்காலி அருகே காலைத் தரையில் ஓங்கி மிதிப்பாள். அதிர்வு பட்டதும் எழுந்துவிடுவார்.

மாமனார் உச்சிமாகாளி ஓய்வுபெற்ற ஏட்டு. ஊரில் ஏட்டையா என்றால்தான் தெரியும். சீசன் தவறாமல் குற்றாலத்து அருவிக்கரையில் விசிலோடு நின்றவர். "எங் காத அருவி தின்னுட்டு" என்பார். டாக்டர் வயதைக் காரணம் சொன்னதை அவர் ஏற்கவில்லை. மகன் வேல்ராஜும் போலீஸ்தான், தூத்துக்குடியில். லீவு கிடைத்தால் வருவான்.

வீடு என்பது ஒரு ஹால், அதைப் பார்த்தபடி கதவில்லாத அடுக்களை, ஒரு படுக்கையறை, பின்னால் புறவாசல், அவ்வளவுதான். அந்த அடுக்களையில் நின்றுதான் உமாராணி இத்தனை வருடமும் அம்மாவிடம் போனில் பேசினாள். வேல்ராஜின் கோபம், நாத்தனாரின் கணக்கு, மாமனார் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றாமல் வருவது எல்லாம் முழுத் தொண்டையில் வாசுதேவநல்லூருக்குப் போகும். பத்தடி தள்ளி ஏட்டையா பேப்பர் புரட்டிக்கொண்டிருப்பார்.

போன ஐப்பசியில் வேல்ராஜ் அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கினான். இரண்டு காதுக்கும், கொண்டைக்கடலை அளவில், நல்ல மெஷின். அதில் திருகவோ அழுத்தவோ எதுவும் கிடையாது, எல்லாம் செல்போனில்தான் என்றாள் கடையில் பொருத்திய பெண். ஏட்டையாவிடம் இருந்தது பொத்தான் போன். "வீட்ல யாரு கூடவே இருப்பாங்க?" என்று கேட்டு, உமாராணியின் போனில் ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு வேறு வழியும் இல்லை.

முதல் நாள் அந்த வீடு சிரித்துக் கிடந்தது. "இந்த ஃபிரிட்ஜு எப்பவும் இப்படித்தான் உறுமுமா? பேப்பர் இம்புட்டுச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியாதே" என்று ஏட்டையா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சாயங்காலம் அடுக்களையில் உமாராணி பழக்கத்தில் முணுமுணுத்தாள்: "கெழவருக்கு இன்னொரு காப்பியாம்." ஹாலிலிருந்து பதில் வந்தது: "அரை டம்ளர் போதும் தாயி."

இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு, "யக்கா, மாமாவுக்குக் காது கேக்காம இருந்ததுதான் எனக்குத் தனி ரூமு. அது இப்பத்தான் தெரியுது" என்றாள். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன்.

தை, மாசியில் ஏட்டையா புதிதாக ஒரு புகார் சொல்லத் தொடங்கினார். காலையில் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டும்போது தெளிவாகக் கேட்கிறது, வெயில் ஏற ஏறக் காது அடைத்துக்கொள்கிறது. தென்காசியில் கடைக்குப் போனால் அந்தப் பெண் மெஷினைத் தட்டிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிடுவாள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்பார். "ஒண்ணுமில்லைன்னா எனக்கு ஏன் கேக்கல?" என்று ஒருமுறை டாக்டரிடம் கண்கலங்கிவிட்டார். கூட்டிப்போன உமாராணிதான் தோளைத் தட்டி ஆட்டோவில் ஏற்றி வந்தாள். மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கினார். டீக்கடைக்குப் போவது நின்றது. யாராவது பேசினால் கேட்ட மாதிரியே தலையாட்டப் பழகிக்கொண்டார்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் விபத்து. ஒரு நாள் பதினோரு மணிக்கு மேல், மாத்திரை வாங்க மொபெட்டில் தென்காசிக்குக் கிளம்பியிருக்கிறார். பின்னால் குற்றாலத்திலிருந்து வந்த டூரிஸ்ட் வேன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இவர் நிதானமாக வலப்பக்கம் திரும்பினார். வேன்காரன் பிரேக் போட்டதால் உயிர் மிஞ்சியது. இவர் ஓடையில் கிடந்தார். முழங்காலில் தையல், தோளெல்லாம் சிராய்ப்பு. அங்கே பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஆதம்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வேன் டிரைவர் கத்தியதில், "செவிடா" என்ற வார்த்தை மட்டும் உதட்டசைவில் புரிந்ததாம் ஏட்டையாவுக்கு.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவருக்குத் திடீரென்று கேட்டது. "நர்ஸம்மா, மெல்லப் பேசுங்க. விழுந்த அதிர்ச்சியில அடைப்பு விட்டுட்டு" என்று அத்தனை வலியிலும் சிரித்தார். உமாராணி கட்டில் ஓரத்தில் செல்போனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. பயந்துவிட்டாள் என்று எண்ணி நான்தான் சோடா வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அடைப்பு ஒரு வாரம்கூட விட்டிருக்கவில்லை. மறுபடியும் காது மங்கியதும் ஏட்டையா முடிவெடுத்துவிட்டார். "கேக்காதவன் ரோட்டுல போகக்கூடாது. நானே எத்தன பேரைப் புடிச்சு ஏசியிருக்கேன்" என்று சொல்லி, வண்டியை எடுத்துக்கொள்ளும்படி ஆதமுக்குச் சொல்லியனுப்பினார். பழைய குற்றாலத்துக் குளியலும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டும் பண்பொழி மலைக்கோயிலும், எல்லாமே அந்த வண்டிதான் அவருக்கு.

வண்டி போவதற்கு முந்தின நாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கையில் காப்பி. சாரலில் குளிக்க வந்த கூட்டம், அருவியில் தண்ணீர் என்று பேச்சு நன்றாகத்தான் ஓடியது. கொஞ்ச நேரத்தில் "ஆங்?" என்றார். திருப்பிச் சொன்னேன். நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டார். அதன் பின் என் கண்ணை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தார். கடைசியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், அழகாகச் சிரித்துத் தலையாட்டினார். கண்முன் உட்கார்ந்திருந்த மனிதர் மெல்ல மெல்ல எங்கேயோ போய்விட்டார்.

தற்செயலாக அடுக்களைப் பக்கம் திரும்பினேன். மிக்ஸி ஓடவில்லை. உமாராணி சுவரில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் கொஞ்சமாக இறங்கியது, நின்றது, மறுபடி கொஞ்சம் இறங்கியது. அவள் அம்மா போனில் கூப்பிடும் நேரம் அது.

டம்ளரோடு எழுந்து உள்ளே போனேன். "என்ன உமா இது?"

"அம்மா போன் போடுவாக்கா" என்றாள், இயல்பாக. என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் புரியாமல் நிற்பதாக எண்ணி விளக்கினாள். "படக்குன்னு கொறைச்சா அவிய காதைத் தொட்டுப் பாப்பாவ. ஒவ்வொரு கோடாக் கொறைக்கணும். ஒரு கோடு இறக்கிட்டு விட்டுரணும். அந்தச் சத்தம் காதுக்குப் பழகிரும். அப்புறம் அடுத்த கோடு. கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது."

அதிரசத்துக்குப் பாகு பதம் சொல்லுகிற குரல். டம்ளரில் காப்பி ஆறியிருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

"அன்னைக்கு வேன் வந்தப்ப?" என்றேன்.

அவள் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். "அம்மாகூடப் பேசிக்கிட்டிருந்தேன். அவிய கெளம்புனத நான் பாக்கல. பேசி முடிச்சு ஏத்துவோம்னா, மெஷின் பக்கத்துல இல்லைன்னு போன் காட்டுது. சரி, வந்ததும் ஏத்திக்கிடலாம்னு துணி மடிச்சிட்டிருந்தேன். ஆதம் அண்ணன் போன் போட்டாவ. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுதான் ஏத்துனேன்."

"அதுக்குப் பொறவுமா உமா?"

"கொஞ்ச நாள் தொடவே இல்லக்கா, சத்தியமா. வாய் ஊமையாப் போன மாரி இருந்துச்சு. அம்மாவும் ஏன்ட்டி பேச மாட்டேங்க, ஏன்ட்டி பேச மாட்டேங்கன்னு அழுதா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவைன்னுதான் மறுபடி தொட்டேன்."

"அவருகிட்ட சொல்லிரு."

"சொல்லிட்டு இந்த வீட்டுல நான் எப்படிக்கா இருக்க?"

டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏட்டையாவின் காதிலும் மெஷினிலும் புதிதாக ஒரு கோளாறும் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியாது.

மறுநாள் வாசலில் ஆதமின் குரல் கேட்டுப் போனேன். ஏட்டையா ஹாலில் நின்று சாவியை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு ஒரு கொறையும் இல்லையே ஏட்டையா. ஹாரன்கூட கணீர்னு அடிக்கி" என்று ஆதம் சத்தமாகச் சொன்னார்.

"அடிச்சு என்னலே, கேக்கணும்லா. கொண்டு போ. ஓடையில விழுந்து கெடக்க எனக்கு இனி ஒடம்பு இல்ல."

ஆதம் தயங்கிச் சாவியை வாங்கினார். அப்போது உமாராணி அடுக்களையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக மாமனார் எதிரில் போய் நின்று செல்போன் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"மாமா, இங்கன பாருங்க." விரல் மேலே போனது. ஏட்டையா திடுக்கிட்டு விழித்தார். "கேக்குதா?" விரல் இறங்கியது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, அவர் முகம் வெறித்தது. மறுபடி மேலே. "இப்ப?"

ஆதமுக்கு முதலில் விளங்கிவிட்டது. "யம்மா!" என்று ஓரடி பின்னால் போனார்.

ஏட்டையா மருமகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்தார். அருவிக்கரைக் கூட்டத்தில் ஜேப்படிக்காரன் கையை அப்படித்தான் பார்த்து நின்றிருப்பார்.

"ஒங்க காதுக்கு ஒண்ணும் ஆவல மாமா. நாந்தான்."

"வேன் வந்த அன்னைக்கு?"

"நாந்தான். ஏத்தி வைக்காம விட்டுட்டேன்."

"டாக்டர்ட்ட நான் அழுதப்ப, நீ பக்கத்துல நின்னியே தாயி?"

உமாராணி தலையை மட்டும் அசைத்தாள்.

"வண்டியக் குடுக்காதிய மாமா" என்றாள் பிறகு. "ஆதம் அண்ணே, சாவியக் குடுத்துருங்க. மாமா, என்னை ஏசுங்க. அடிக்கக்கூட செய்யுங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ஏட்டையா வலது காதிலிருந்து மெஷினைக் கழற்றினார். பிறகு இடது காது. இரண்டையும் அவள் கையிலிருந்த செல்போன் திரையின் மேல் வைத்து, உருண்டு விழாமல் அவள் விரல்களை மூடிவிட்டார். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, புறவாசல் வழியாக வெளியே போனார்.